பயத்தில் ஏறும் எண்ணெய்

நவம்பர் 3, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது புதிது. ட்ரேடிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு ட்ரேடுக்கும் மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: என்ன செய்தேன், ஏன் செய்தேன், அப்போது மனநிலை எப்படி இருந்தது. வேறு எதையும் எழுதக் கூடாது என்றும் சொன்னார்கள். அதைத்தான் என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. பேச ஆள் இல்லாத வீட்டில் நோட்டும் பேனாவும் கிடைத்தால் கை சும்மா இருக்காது.

செய்தது: நிஃப்டி ஃபியூச்சர்ஸ் ஒரு லாட் வாங்கினேன். மதியத்துக்குள் விற்றேன். சின்ன லாபம்.
காரணம்: கச்சா எண்ணெய் ஒரு வாரமாக மெல்ல ஏறுகிறது.
மனநிலை: நன்றாகத்தான் இருக்கிறேன்.

எண்ணெய் ஏறும்போது போய் ஏன் வாங்கினாய் என்று யாராவது கேட்கலாம். நாம் எரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. விலை ஏறினால் டாலர் போகும், ரூபாய் சரியும், பெயிண்ட் கம்பெனி முதல் விமானக் கம்பெனி வரை செலவு கூடும், வெளிநாட்டுக்காரன் இருக்கிற பங்கையெல்லாம் விற்றுவிட்டு நடையைக் கட்டுவான், பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி விழும். இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். இதை மட்டும் நம்பி இறங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் ஏறுவதில் இரண்டு வகை உண்டு. உலகமெங்கும் லாரி ஓடுகிறது, ஆலை ஓடுகிறது என்று நாளுக்குக் கொஞ்சமாக ஏறினால் அது பசியில் ஏறுவது. அப்போது நிஃப்டியும் கூடவே ஏறும். விடிவதற்குள் ஒரே தாவலாகத் தாவியிருந்தால் அது பயத்தில் ஏறுவது. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம். ஃபியூச்சர்ஸில் கையில் இல்லாததையும் முதலில் விற்கலாம், விழுந்த பிறகு வாங்கி முடித்தால் வித்தியாசம் லாபம். எந்த வகை என்று தெரிந்துகொள்ள டிவி தேவையில்லை. ஏறுகிற விதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆகவே சந்தை நேரத்தில் என் வீட்டில் டிவி கிடையாது, போனும் கிடையாது. ஒன்பதேகாலுக்குச் சந்தை திறப்பதற்கு முன் போனைச் சத்தமில்லாமல் செய்து இட்லிக் குண்டானுக்குள் வைத்து மூடிவிடுவேன். மூன்றரைக்குத்தான் வெளியே வரும். கையில் இருந்தால் யாராவது எதையாவது அனுப்புவார்கள், படித்துத் தொலைத்துத் தப்பாக ஏதாவது செய்வேன். குண்டானுக்கும் வேறு வேலை இல்லை. ஒற்றை ஆளுக்கு யார் மாவாட்டி இட்லி ஊற்றுவது?

நேற்று ஞாயிறு, அவர் கூப்பிட்டார். எண்ணெய்க் கப்பலில் சீஃப் இன்ஜினியர். இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதோடு கடல் வேலையும் முடிகிறது, நிரந்தரமாக வீட்டுக்கு வருகிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்தால் மூன்று மாதம், போனால் ஆறு மாதம் என்று இருந்த மனிதர்.

“ருக்கு, அந்தச் சின்ன ரூம்ல எனக்கும் ஒரு மேசை போட்டுக்கலாமா? பழைய மோட்டாரு, பம்பு ஏதாச்சும் கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பேன்.”

சின்ன அறை என்பது என் ட்ரேடிங் அறை.

“பாக்கலாம்ங்க” என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நஷ்டம். என் தப்பு. மனநிலை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்து ஃப்ளாட் பூங்கொடி சாயங்காலம் கீரை கொடுக்க வந்தாள். அவள் கணவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. “ரிட்டயர் ஆனதுல இருந்து என்ர மிக்ஸி ஜார நாலு தடவ கழட்டிட்டாருங்க்கா. நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப சட்னி அரைச்சா வீடே ஆடுது” என்றாள். சிரித்தேன். அவள் போன பிறகு என் மிக்ஸியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

குருநானக் ஜெயந்தி. சந்தை விடுமுறை.

விடுமுறை நாட்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது வரும் என்று தெரியும், மனது தயாராக இருக்கும். வாரத்தின் நடுவில் வரும் விடுமுறை மாடிப்படியில் ஒரு படி இல்லாதது போல. காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. சாயிபாபா காலனி வரை நடந்து போய்த் தேவையில்லாத ஒரு வடிகட்டி வாங்கி வந்தேன்.

போன் நாள் முழுக்க மேசைமேல் சத்தத்தோடுதான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

கப்பல்களைக் காட்டும் ஆப் ஒன்றை அவர் போன விடுமுறையில் போட்டுக் கொடுத்தார். மாதக்கணக்கில் திறந்ததில்லை. இன்று திறந்தேன். வளைகுடாவின் வாசலில், ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுப் பத்திருபது கப்பல்கள் சிவப்புப் புள்ளிகளாக நின்றன. அதில் ஒன்றைத் தொட்டால் ‘சில்வர் கார்னெட்’ என்று வந்தது. அவர் கப்பல். ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வளைகுடாவுக்குள் போய் எண்ணெய் ஏற்றிக்கொண்டு திரும்புவது இந்தப் பயணத்தின் மிச்ச வேலை. புள்ளி அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சின்ன அறைக்குப் போய் இன்னொரு மேசை போட இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்தேன். இருக்கிறது. என் மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட வேண்டும். ஜன்னல் ஓரம்தான் எனக்கு வசதி. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதை நிறுத்தி வெகுநாளாயிற்று. அதனால் இங்கும் எழுதப் போவதில்லை.

நவம்பர் 6, வியாழன்

செய்தது: திறந்ததும் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் விற்றேன், இரண்டு லாட். பதினொரு மணிக்கு இன்னும் ஒன்று.
காரணம்: எண்ணெய் ஒரே தாவல். பயம்.
மனநிலை: பிரமாதம்.

காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சும்போதே பார்த்தேன். உலகச் சந்தையில் பிரெண்ட் கச்சா எண்ணெய் தாவியிருந்தது. நேற்று வரை வந்த நடையே இல்லை, சுவர் ஏறிக் குதித்த மாதிரி. யாருடைய பயம், எந்த ஊரில், அதெல்லாம் டிவிக்காரர்களின் பிழைப்பு. எனக்கு விலை போதும். போனைக் குண்டானில் போட்டு மூடினேன்.

இந்த மாதிரி நாள் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். திறந்ததும் விற்றேன். கொஞ்சம் மேலே ஏறிப் பயம் காட்டியது. பொறுத்தேன். புதிதாக வந்தவர்கள் இங்கேதான் அலறிக்கொண்டு ஓடுவார்கள். பத்து மணிக்குப் பிறகு விழ ஆரம்பித்தது பாருங்கள், நிற்கவே இல்லை. பெயிண்ட், டயர், விமானம் எல்லாம் சிவப்பு. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்றரைக்கு எழுந்தபோது முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன். பங்குச் சந்தைக்கு வந்து இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நாள் பார்த்ததில்லை. மூன்று லாட்டையும் முடிக்காமல் நாளைக்கும் வைத்திருக்கிறேன். பயம் ஒரே நாளில் தீராது.

குண்டானைத் திறந்தேன். அவரிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் பத்து மணியை ஒட்டி, அடுத்தடுத்து. பிறகு ஒரு செய்தி:

“சரி ருக்கு. வேலை நேரம். பரவால்ல.”

எதற்குச் சரி? நான் எதுவும் சொல்லவில்லையே. திருப்பிக் கூப்பிட்டேன். மணியே போகவில்லை.

அப்புறம்தான் டிவி போட்டேன். ஹோர்முஸ் நீரிணையில் விடியற்காலையில் ஒரு எண்ணெய்க் கப்பல் தாக்கப்பட்டிருக்கிறது. தீ. அவர் கப்பல் இல்லை, வேறு ஏதோ பெயர். இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்.

ஆப்பைத் திறந்தேன். ஃபுஜைராவில் சில்வர் கார்னெட் இல்லை. புள்ளி நகர்ந்து நீரிணைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

புள்ளி இல்லை. காலையில் எழுந்து பார்த்தேன், கடைசியாகத் தெரிந்த இடம் நேற்று இரவோடு நின்றுவிட்டது.

கப்பல் கம்பெனியின் மும்பை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கப்பல் ஆட்களைக் கவனிக்கிற ஜெபராஜ் எடுத்தார். தூத்துக்குடிக்காரர்.

“மேடம், பயப்படாதீங்க. கப்பல் இருக்க இடம் வெளியில தெரியக் கூடாதுன்னு நாங்கதான் அணைச்சு வைக்கச் சொன்னோம். கப்பல்ல நெட்டும் கட். எல்லாரும் நல்லா இருக்காங்க.”

“எப்பங்க பேசலாம்?”

“வெளிய வந்ததும் சாரே பேசுவாரு. உள்ள போயி லோடு ஏத்திட்டுத் திரும்பணும்லா.” கொஞ்சம் தயங்கினார். “சார் உள்ள போயிருக்கவே வேண்டாம் மேடம். நேத்து காலையில அந்தக் கப்பல் அடிபட்டதும், விருப்பமில்லாதவங்க ஃபுஜைராவுலயே இறங்கிக்கலாம்னு கம்பெனி சொல்லிட்டு. சாருக்குப் பதில் ஆளும் படகுல வந்து ரெடியா நின்னாரு. சார் வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம், போயிட்டு வந்திடுதேன்னு சொல்லிட்டாரு. வீட்ல சரின்னுட்டாங்க போலன்னு நாங்க நெனச்சோம்.”

நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

எண்ணெய் இன்றும் ஏறியது. நிஃப்டி இன்றும் விழுந்தது. மூன்று லாட்டும் லாபத்தில் இருக்கின்றன. காலையில் வாங்கிய பால் திரிந்துவிட்டது, கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது.

மனநிலை:

நவம்பர் 8, சனி

சந்தை இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே குளிக்கப் போனேன், வாளிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அதன்மேல் வைத்தேன். மின்கட்டணம் கட்டச் சொல்லி ஒரு தகவல் வந்தது. கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். “வேண்டாம்மா, வைங்க, லைன் பிஸியா இருக்கக் கூடாது” என்றேன். அவள் என்ன நினைத்தாளோ.

மதியம் பூங்கொடி தக்காளி சாதம் கொண்டுவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, டிவில சொன்னாங்க, கச்சா எண்ணெய் கண்டபடி ஏறிப்போச்சாமா. உங்களுக்கு லாபந்தானுங்க? விக்கோணும், வாங்கோணும்னு எனக்கும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல.”

அவர் கப்பலில் இருக்கிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. நான்தான் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் நான் பேசியதெல்லாம் மார்க்கெட். கணவரைப் பற்றிக் கேட்டால் “நல்லா இருக்காருங்க” என்று முடித்துவிடுவேன்.

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, “தலைவலிங்க” என்று கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டுக் கதவிலேயே சாய்ந்து நின்றேன். லாபந்தான். ஆமாம். அவர் போய் மாட்டிக்கொண்ட இடத்தில் நிலைமை மோசமாக ஆக, என் மூன்று லாட்டும் செழிக்கும். அந்த லாபத்தின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிடும் நேரம் வந்தது. போனது.

நவம்பர் 10, திங்கள்

இரண்டாவது கப்பல் ஒன்று அடிபட்டிருக்கிறது. இந்த முறை பெயர் சொல்லவில்லை. ஜெபராஜுக்குப் போட்டேன், “நம்ம கப்பல் இல்ல மேடம்” என்றார். அவர் குரல் போன வாரம் இருந்த மாதிரி இல்லை.

எண்ணெய் மறுபடியும் தாவல். ஒன்பதேகாலுக்கு நிஃப்டி தடாலென்று கீழே திறந்தது. திரையில் என் லாபம் நிமிடத்துக்கு நிமிடம் ஊறியது. நான் பார்த்த எந்த லாபமும் இதற்குப் பக்கத்தில் வராது. ஒவ்வொரு முறை அந்த எண் மாறும்போதும் அங்கே என்ன நடக்கிறதோ என்று நினைத்தேன். திரையை அணைத்தேன். அணைத்தாலும் ஓடிக்கொண்டுதானே இருக்கும். மறுபடி போட்டேன்.

விற்ற மூன்று லாட்டையும் திருப்பி வாங்கிக் கணக்கை முடித்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

செய்தது: வாங்கினேன். மூன்று லாட். பிறகு இன்னும் மூன்று.
காரணம்: இல்லை.
மனநிலை: எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். அவர் வெளியே வர வேண்டுமானால் எண்ணெய் இறங்க வேண்டும். எண்ணெய் இறங்கினால் நிஃப்டி ஏறும். ஊர் உலகமே அது இறங்காது என்று விற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆளாவது அவர் பக்கம் பணம் கட்ட வேண்டாமா?

இது கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரியும். நான் வாங்கினால் உலகத்துக்குக் கேட்டுவிடப் போவதில்லை. ஆசைக்காக ஒரு லாட்டும் வாங்காதே என்றுதான் வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். ஆனால் வாங்கிய பிறகு, நான்கு நாட்களில் முதல் முறையாக, ஒரு தட்டு சோறு முழுதாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

விழுந்தது. போன வாரம் சம்பாதித்ததெல்லாம் போய்விட்டது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடும் ஸ்டாப்லாஸ் வைக்கவில்லை. எந்த விலைக்குக் கீழே போனால் அவரை விட்டுவிடலாம் என்று வைப்பது?

போன் இப்போது குண்டானில் இல்லை. மடியில் இருக்கிறது.

அன்றைக்கு எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். “இறங்கிடட்டுமா?” என்று கேட்டிருப்பார். திரையில் ஒரு கண், போனில் ஒரு காது. “ஏனுங்க, இப்ப மார்க்கெட் நேரம், அப்பறமாப் பேசலாம்” என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படியும் அவர் “சரி ருக்கு, பரவால்ல” என்றுதான் சொல்லியிருப்பார். எடுத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று எழுதி மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

அந்த மேசை விஷயத்துக்கு நான் சொன்ன “பாக்கலாம்ங்க”தான் அவர் காதில் இருந்திருக்கும்.

நவம்பர் 12, புதன்

காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

புரோக்கர் அலுவலகத்துப் பெண். “மேடம், மார்ஜின் பத்தலீங்க. பணம் போடறீங்களா, இல்ல நாங்களே வித்துக் கணக்க வெட்டிடட்டுங்களா?”

“வெட்டிடுங்க.”

“நீங்க இப்படி விடமாட்டீங்களே மேடம். எப்பவும் மொதல்ல வெளிய வர்றவங்க நீங்கதானுங்க.”

“வெட்டிடும்மா. லைன வை.”

ஆறு லாட்டும் போயின. திரையில் என் பெயரில் ஒன்றும் இல்லை. சந்தை நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அறை எவ்வளவு அமைதி என்று இன்றுதான் தெரிந்தது. மின்விசிறியும் சமையலறைக் குழாயும் மட்டும் கேட்டன. இத்தனை வருடம் எண்கள் ஓடியதால் இங்கே யாரோ இருக்கிற மாதிரி இருந்திருக்கிறது.

எழுந்து என் மேசையை இழுத்தேன். நகரவில்லை. பூங்கொடி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் கணவர் திறந்தார். மேசை நகர்த்த வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வருகிறார் என்று சொல்ல வாய் திறந்தேன். அங்கேயே நின்று அழுதேன். பூங்கொடி ஈரக் கையோடு ஓடி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், கப்பல், நீரிணை, குண்டான், மூன்று அழைப்பு.

“ஐயோ, நானு அன்னிக்கு லாபமான்னு கேட்டனே அக்கா” என்று அவளும் அழுதாள்.

அவள் கணவர் உள்ளே வந்து ஒயர்களைக் கழற்றி, என் மேசையைச் சுவரோரம் தள்ளி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். ஒழுங்காகவே மாட்டினார். தன் வீட்டிலிருந்து ஒரு பழைய மர மேசையைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் போட்டார். “மோட்டார் கழட்டறவருக்கு வெளிச்சம் வேணுமுங்க” என்றார். போகிற போக்கில் குழாயையும் சரி செய்தார்.

நவம்பர் 13, வியாழன்

ஆறு மணிக்குப் பார்த்தேன். எண்ணெய் விழுந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரே தாவலாக. ஏறும்போது எப்படியோ பயம் இறங்கும்போதும் அப்படித்தான் போலிருக்கிறது.

டிவி போட்டேன். சண்டையிலிருந்த இரு தரப்பாரும் பேசிக் கப்பல்களை விட ஒப்புக்கொண்டார்களாம். நிஃப்டி துள்ளிக்கொண்டு திறந்தது. நேற்று வெட்டிய ஆறு லாட் இன்று இருந்திருந்தால் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். எல்லோருக்கும் பயம் போய்விட்டது என்று விலை சொல்கிறது. அதில் ஒரு மனிதர் இருக்கிறாரா என்று அது சொல்லாது. முதல் முறையாக விலை எனக்குப் போதவில்லை.

சும்மா இருக்க முடியாமல் பூங்கொடியிடம் மாவு வாங்கி, குண்டானைக் கழுவி அடுப்பில் ஏற்றினேன். ஆவி வரும்போது போன் அடித்தது.

“ருக்கு?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ருக்கு, நாந்தான். வெளிய வந்துட்டோம். எல்லாரும் சௌக்கியம்.” பின்னால் இன்ஜின் சத்தம். “மார்க்கெட் நேரமாச்சே. எப்படி எடுத்த?”

“எடுத்துட்டேனுங்க.”

“உடம்பு கிடம்பு சரியில்லயா?”

“நல்லா இருக்கேனுங்க. நீங்க?”

“தூக்கம்தான் பாக்கி. ஒரு பம்பு ரொம்பப் பாடாப் படுத்திருச்சு.” பம்பைப் பற்றிச் சொன்னார். எந்த வால்வு, எந்த வாஷர், எல்லாம் சொன்னார். இதற்கு முன்பெல்லாம் இந்த இடத்தில் நான் “உம்” கொட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பேன். இன்று கேட்டேன். முடித்துவிட்டு, “சரி, வைக்கட்டுமா? உனக்கு வேல இருக்கும்” என்றார்.

“போன வியாழக்கெழம மூணு தடவ கூப்ட்டீங்க.”

“அதா? அது ஒண்ணுமில்ல, முடிஞ்சு போச்சு.”

“என்ன கேக்கக் கூப்ட்டீங்க?”

“விடு ருக்கு.”

“அதை இப்பக் கேளுங்க.”

“இப்பக் கேட்டு என்ன ஆகப்போகுது?”

“கேளுங்கன்னா கேளுங்க.”

அந்தப் பெரிய இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் மெதுவாகக் கேட்டார்:

“இறங்கிடட்டுமா ருக்கு?”

“இறங்கிடுங்க. வந்துடுங்க. ஜன்னலோரம் மேசை போட்டாச்சு.”

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எனக்குப் பதிலா வர வேண்டிய ஆளு வேற கப்பல் ஏறிட்டாரு. இந்த வழிக்கு இப்ப யாரும் வரமாட்டேங்கறாங்க. நாலு மாசம் சேத்து இருக்கச் சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். வீட்ல எனக்கு என்ன வேலன்னு நெனச்சு…” நிறுத்திக்கொண்டார். “மார்ச்சுலதான் வர முடியும் ருக்கு.”

“மார்ச்சுல வாங்க.”

“ஆமா, அந்த மேசைய நீயா தள்ளுன?”

“பக்கத்து வீட்டுக்காரருங்க. மிக்ஸி கழட்டறவரு.”

சிரித்தார். எத்தனையோ நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. இட்லி அதிகமாக வெந்து இறுகிப்போய்விட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

ட்ரேட் இல்லை. ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு அணைத்தேன். எண்ணெய் பழையபடி மெல்ல நடக்கிறது. ஜன்னலோர மேசையைத் துடைத்து, அதன்மேல் ஒன்றும் வைக்காமல் விட்டேன். மார்ச் வரை அது அப்படிக் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். மிக்ஸியை மேல்தட்டிலிருந்து இறக்கினேன்.

பத்து மணிக்கு மேல் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல ருக்கு” என்றார். “எடுக்கறயான்னு பாத்தேன்.”